கண்ணை மூடிக்கொண்டு அழுகிறவள்

டாக்டரம்மா கேட்டது ஒரே ஒரு கேள்விதான். அதற்கு மெக்கானிக்கால் பதில் சொல்ல முடியவில்லை.

“தூக்கத்துல அழுறான்னு சொல்றீங்க, சரி. அழும்போது கண்ணு திறந்திருக்கா, மூடியிருக்கா?”

அவன் அண்ணியைப் பார்த்தான். குழந்தையை மடியில் வைத்திருந்த அண்ணி அவனைப் பார்த்தாள். அவனுடைய இறந்துபோன மனைவியின் அக்கா அவள். பிரசவத்துக்குப் பின் வந்த காய்ச்சல் தங்கையைக் கொண்டுபோன நாளிலிருந்து, தன் ஊர், தன் வீடு, தன் புருஷன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தக் குழந்தையோடு இங்கேயே கிடக்கிறாள். அவளுக்கும் பதில் தெரியவில்லை.

“கவனிக்கலையே டாக்டர்” என்றான் மெக்கானிக்.

டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தாள். வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை, சளி இல்லை, வாய்க்குள் புண் இல்லை. எடைதான் போன மாதம் நின்ற இடத்திலேயே நின்றது. தூக்கம் கெடுகிற குழந்தை பாலும் சரியாகக் குடிக்காது என்றாள். “அடுத்த தடவை அழும்போது பார்த்துட்டு வந்து சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

வீட்டுக்கு நடக்கிற வழியெல்லாம் அண்ணி பொரிந்து தள்ளினாள்.

“கண்ணு திறந்திருந்தா என்ன, மூடியிருந்தா என்ன தம்பி? அழுகை அழுகைதானே? காதைப் பத்திக் கேட்டா ஒரு அர்த்தம் இருக்கு. வயித்தைப் பத்திக் கேட்டா அர்த்தம் இருக்கு. கண்ணைப் பத்தி என்ன கேள்வி?”

 அந்தக் கேள்வி அவன் காலில் முள்ளாகத் தைத்துவிட்டிருந்தது. ஒரே வீட்டில் இரண்டு பெரியவர்கள், நாள் தவறாமல் அழுகிற ஒரு குழந்தை. இத்தனை நாளில் அழுகிற முகத்தை ஒருவரும் பார்த்ததில்லை என்றால் அது எப்படி?

யோசித்துப் பார்த்தால் அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. தொட்டிலிலிருந்து முதல் சிணுங்கல் கேட்டதும் யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் ஓடுவார்கள். வாரி எடுத்துத் தோளில் சாய்ப்பார்கள். தோளில் சாய்த்துவிட்டால் குழந்தையின் முகம் தூக்கியவரின் முதுகுப் பக்கம் போய்விடும். தட்டி, ஆட்டி, நடந்து, மறுபடி கீழே இறக்கிப் பார்க்கும்போது அது முழுதாக விழித்து, முகம் சிவந்து, வீடே இரண்டுபடக் கத்திக்கொண்டிருக்கும். அந்த முகத்தைத்தான் அவர்களுக்குத் தெரியும். அதற்கு முந்தைய முகம் எப்படி இருக்கும்?

மெக்கானிக்குக்குக் கை முந்துவது தொழிலோடு வந்த பழக்கம். ஒரு துணிக் கம்பெனியில் தையல் மெஷின்களைப் பழுது பார்ப்பது அவன் வேலை. நீளமான கூடத்தில் வரிசை வரிசையாக மெஷின்கள் ஓடும். அத்தனை இரைச்சலுக்கு நடுவில் ஒரு மெஷின் சத்தம் மாறினால் போதும், அவன் காது நிமிர்ந்துவிடும். ஊசி வளைந்தால் ஒரு சத்தம், பாபினில் நூல் சிக்கினால் ஒரு சத்தம். சத்தம் மாறினால் முதலில் சுவிட்சை அணை, பிறகுதான் குனிந்து பார். இப்படித்தான் அவன் பல பேருடைய விரல்களைக் காப்பாற்றியிருக்கிறான். அவன் மனைவியையும் அவன் கண்டது இப்படித்தான். காலர் தைக்கிற வரிசையில் உட்கார்ந்திருந்தவள், ஒன்றும் கெடாத மெஷினுக்காக, “ஏதோ சத்தம் வருது, வந்து பாருங்க” என்று வாரத்துக்கு ஒரு முறை அவனைக் கூப்பிட்டாள். சத்தமே இல்லை என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் போவான். மெஷினை அணைத்து, திறந்து, துடைத்து, மூடிவிட்டு வருவான்.

அந்தக் கைதான் வீட்டிலும் முந்திக்கொண்டு போனது.

அண்ணி ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறாள். போகும்போது குழந்தையையும் கூட்டிப் போவதாகப் பேச்சு. அவளைக் குறை சொல்ல வழியில்லை. அங்கே அவள் புருஷன் தனியாகச் சமைத்துத் தின்று காய்ந்துபோயிருக்கிறார். இங்கே மெக்கானிக் தூக்கம் இல்லாமல் ஒரு காலை வேளையில் தன் கட்டைவிரலிலேயே ஊசியை இறக்கிக்கொண்டான். கம்பெனிக்குள்ளேயே குழந்தைகள் காப்பகம் ஒன்று உண்டு. ஆனால் அங்கே பார்த்துக்கொள்கிற அக்கா ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டாள். “படுத்தா அழுது, தூக்கினா அலறுது. ஒண்ணு அழுதா மத்ததெல்லாம் கோரஸ் பாடுது. தூங்கப் பழகட்டும் அண்ணே, அப்புறம் கொண்டு வாங்க.” தூங்குகிற குழந்தை என்றால் அவனோடு இருக்கலாம். தூங்காத குழந்தை என்றால் பஸ் ஏறிவிடும். வருஷத்துக்கு இரண்டு தடவை போய்ப் பார்க்கிற அப்பாவாக ஆகிவிடுவோம் என்பது அவனுக்குத் தெரிந்தே இருந்தது.

டாக்டரிடம் போய்வந்த மறுநாள் மதியம் ஷிப்டு முடிந்து வந்தவன், சட்டையைக்கூட மாற்றாமல் ஒரு முக்காலியைத் தூக்கி வந்து தொட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். அண்ணி அடுப்படியில் பால் பாட்டிலை வெந்நீரில் போட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக வந்த வெயில் தரையில் கிடந்தது. குழந்தை வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு தூங்கியது. பார்த்துக்கொண்டே இருந்தான். மூச்சு ஒரு சமயம் வேகமாக வந்தது, ஒரு சமயம் நின்றுவிட்டதோ என்று பயம் வரும்படி மெதுவானது. இவ்வளவு நேரம் இவளைச் சும்மா பார்த்ததே இல்லையே என்று நினைத்தான்.

முதல் சிணுங்கல் வந்தது. அடுத்த கணம் குழந்தை அவன் தோளில் இருந்தது. எப்போது குனிந்தான், எப்போது தூக்கினான் என்று அவனுக்கே தெரியவில்லை. காதுக்குள் அலறல் இறங்கியது.

“பார்த்தாச்சா கண்ணை?” என்றாள் அண்ணி அடுப்படியிலிருந்து.

“முதுகைத்தான் அண்ணி பார்த்தேன்” என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தங்கை போன பிறகு அவள் சிரித்து அவன் கேட்டது குறைவு.

மறுநாள் அவன் உஷாராக இருந்தான். முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் கனமாக உட்கார்ந்துகொண்டான். அண்ணி துணி உலர்த்த மொட்டைமாடிக்குப் போயிருந்தாள்.

சிணுங்கல் வந்தது.  அவன் இன்னும் அழுத்தி உட்கார்ந்தான்.

குழந்தையின் புருவம் நெறிந்தது. உதடு கோணியது. கால் இரண்டும் வயிற்றோடு மடங்கி, பிறகு சட்டென்று நீண்டன. அழுகை சத்தமாகவே வந்தது, நிஜமான அழுகை. ஆனால் கண்கள் மூடியிருந்தன. இறுக்கி மூடியிருக்கவில்லை, தூங்குகிறவர்களுக்கு மூடியிருப்பதுபோலத் தளர்வாக மூடியிருந்தன. இமைக்கு அடியில் கருவிழி இங்கும் அங்கும் ஓடுவது தெரிந்தது. தெருவில் போகிற எதையோ ஜன்னல் வழியாகப் பார்க்கிறவள்போல.

மெக்கானிக் வாயைப் பிளந்துகொண்டு குனிந்தான்.

“யோவ்! என்னய்யா இது?”

வாசலில் மாடி வீட்டு டிரைவர் நின்றுகொண்டிருந்தார். காலை டிரிப்பை முடித்துவிட்டு மதியம் தூங்குகிறவர். பனியனும் தூக்கக் கலக்கமுமாக இறங்கி வந்திருந்தார்.

“உஷ்!” என்றான் மெக்கானிக்.

“நான் உஷ்ஷா? அது போடுற ஹாரன் அடுத்த ஸ்டாப் வரைக்கும் கேக்குது, நான் உஷ்ஷாம்! பிள்ளை கத்துது, நீ சினிமா பாக்குற மாதிரி உக்காந்திருக்க. இதுல கையை வேற ஒளிச்சு வெச்சிருக்க.”

“கொஞ்சம் இருங்கண்ணே, கண்ணு மூடியிருக்கு, பாருங்க…”

“எனக்கும் இப்ப மூடித்தான்யா இருந்துச்சு!”

அதற்குள் மொட்டைமாடிப் படியில் அண்ணியின் காலடி தடதடவென்று இறங்கியது. ஈரக் கையோடு உள்ளே வந்தவள் டிரைவரை ஒதுக்கிவிட்டுக் குழந்தையை வாரி எடுத்தாள். ஈரம் பட்டதும் குழந்தை திடுக்கிட்டு விழித்தது. பிறகு வந்த அழுகையில் டிரைவர் காதைப் பொத்திக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

“பெத்தவன்தானா நீ?” என்றாள் அண்ணி. நான்கு மாதமாக “நீங்க” என்றுதான் பேசிக்கொண்டிருந்தாள். “மெஷினா இது? ஓடட்டும் பார்ப்போம்னு உக்காந்திருக்கிறதுக்கு?”

“அண்ணி, அவ முழிக்கவே இல்ல. தூங்கிட்டேதான் அழுதா. நாமதான் போய்த் தூக்கித் தூக்கி எழுப்பறோம்.”

“எழுப்பறோமா?”

“ஆமா. இப்பகூட நீங்க தொட்டப்புறம்தான் கண்ணைத் திறந்தா.”

அண்ணி குழந்தையைத் தட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் நடந்தாள். அறையின் அந்த மூலைக்குப் போய் நின்று, திரும்பாமலே பேசினாள். குரல் இறங்கியிருந்தது.

“கண்ணை மூடிக்கிட்டு யாரைப் பார்த்து அழுறான்னு நினைக்கிறீங்க? எங்க சின்னதை, என் தங்கச்சியைப் பார்த்துதான். அவ வர்றா. வந்து கிட்ட நிக்கிறா. இது கையை நீட்டுது, அவளால தூக்க முடியல. அதான் அழுது. அந்த நேரத்துல நாம தூக்கலைன்னா வேற யாரு தூக்குறது?”

 மெக்கானிக்கும் அப்படி நினைத்ததுண்டு. சில நாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும்போது, அறையில் இன்னொருவர் இருப்பதுபோலவே பேசியிருக்கிறான். “தூக்கிட்டேன், நீ போ” என்றுகூடச் சொல்லியிருக்கிறான். ஆனால் இன்று பார்த்த அந்த ஓடுகிற கண்கள் அவனை விடவில்லை. பயந்த கண்கள் மாதிரி தெரியவில்லை. எதையோ வேடிக்கை பார்க்கிற கண்கள் மாதிரி இருந்தன. அப்படி என்ன இருக்கிறது அங்கே? பிறந்து இத்தனை நாளில் இவள் பார்த்தது இந்த அறை, இந்த ஜன்னல், இரண்டு முகம், ஒரு பாட்டில். இதை வைத்துக்கொண்டு எவ்வளவு கனவு காணமுடியும்?

“நாளைக்கு நீங்களே உக்காந்து பாருங்க அண்ணி” என்றான். “நான் சொல்றதை நம்ப வேணாம். முகத்தைப் பாருங்க. பார்த்துட்டு அப்புறம் தூக்குங்க. அவ்வளவுதான் கேக்கறேன்.”

“பார்க்கறேன். முகத்துல ஒரு வலி தெரிஞ்சாலும் தூக்கிடுவேன். தூக்கினேன்னா ஞாயித்துக்கிழமை என்னோட வர்றா. அப்புறம் நீங்க ஒரு வார்த்தை பேசக்கூடாது.”

“பேசமாட்டேன்.”

மறுநாள் மதியம் தொட்டிலுக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அண்ணி. பால் குடித்து, ஏப்பம் விட்டு, குழந்தை தூங்கிப்போனது. இருவரும் மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை. தெருவில் யாரோ பழைய இரும்புக்குக் கூவிக்கொண்டு போனார்கள். அண்ணி ஜன்னலைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள்.

“பரீட்சை எழுத உக்காந்த மாதிரி இருக்கு” என்று கிசுகிசுத்தாள்.

“எனக்கு ரிசல்டுக்கு நிக்கிற மாதிரி இருக்கு.”

நேரம் போனது. இன்றைக்கென்று பார்த்து அழமாட்டாள்போல என்று அவனுக்குக் கவலையே வந்துவிட்டது. பிள்ளை அழவில்லையே என்று கவலைப்படுகிற அப்பன் உலகத்தில் தான் ஒருவனாகத்தான் இருப்போம் என்று நினைத்துக்கொண்டான்.

பிறகு அது வந்தது. முதலில் ஒரு முனகல், அப்புறம் சிணுங்கல், அப்புறம் வாயைத் திறந்து ஒரு வீறல்.

நேற்று அவன் கேட்டதைவிடப் பெரிய வீறல். அதில் அவனுடைய பரிசோதனை, பேச்சு, நம்பிக்கை எல்லாம் பறந்துவிட்டது. நாம்தான் தப்பு, இவளுக்கு ஏதோ வலிக்கிறது என்று ஒரே ஒரு நினைப்புதான் மிஞ்சியது. முக்காலி பின்னால் சாய எழுந்து தொட்டிலுக்குள் கையை நீட்டினான்.

அந்தக் கையை யாரோ இறுக்கிப் பிடித்தார்கள்.

அண்ணிதான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை. தொட்டிலுக்குமேல் குனிந்து, குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல்கள் அவன் மணிக்கட்டில் பதிந்தன.

“இருங்க” என்றாள்.

“அழுறா அண்ணி…”

“இருங்கன்னு சொல்றேன்ல.”

குழந்தை இன்னொரு முறை வீறிட்டது. கை இரண்டும் மேலே எழும்பி விரிந்தன. கண் திறக்கவில்லை. அண்ணி மற்றொரு கையை அதன் வயிற்றில் வைத்தாள். தூக்கவில்லை, தட்டவில்லை, சும்மா வைத்திருந்தாள். வீறல் அழுகையாக இறங்கியது, அழுகை விம்மலானது. உதடுகள் இல்லாத பாலைச் சப்பின. பெரிய வேலை ஒன்றை முடித்தவள்போல ஒரு பெருமூச்சு வந்தது. தலை அந்தப் பக்கம் சாய்ந்தது. வாயின் ஒரு ஓரம் மட்டும் மேலே ஏறி, சிரிப்பாகி, இறங்கியது.

தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் இருவரும் அசையவில்லை. மறுபடி வருமோ என்று காத்திருந்தார்கள். வரவில்லை. அண்ணி மெதுவாக அவன் கையை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“இந்த மூஞ்சியை நான் பார்த்திருக்கேன்” என்றாள். “எங்க சின்னது இப்படித்தான். நாங்க ரெண்டு பேரும் ஒரே பாயில படுப்போம். திடீர்னு தூக்கத்துல புருவத்தை இப்படிச் சுருக்கிக்கிட்டு அழுவா. அதே கோணல் வாய். பக்கத்துல படுத்திருக்கற நான் எழுந்து உக்காந்துடுவேன். கொஞ்ச நேரத்துல அவளே சிரிப்பா. காலையில கேட்டா, நான் எங்க அழுதேன், பொய் சொல்றன்னு என்னை அடிக்க வருவா. பத்துப் பன்னெண்டு வயசு வரைக்கும் இருந்துச்சு. இத்தனை நாளா எனக்கு இது ஞாபகமே வரல பாருங்க. எப்படி வரும்? இது மூஞ்சியை நான் எங்க பார்த்தேன்?”

“பன்னெண்டு வயசோட நிக்கல அண்ணி” என்றான் அவன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“கல்யாணம் ஆனப்புறமும் இருந்துச்சு. அழமாட்டா, முனகுவா. முனகல் கேட்டதுமே நான் உலுக்கி எழுப்பிடுவேன். எழுந்து என்னைத் திட்டுவா.”

“தெரியுமே! என்கிட்ட சொல்லியிருக்கா. ‘நல்ல கனவு ஒண்ணு வந்தா போதும்க்கா, அந்த மனுஷனுக்கு மூக்கு வேர்த்துடும்’னு சொல்லுவா.”

இருவரும் சத்தம் வராமல் சிரித்தார்கள். சத்தம் வராமல் சிரிப்பது கஷ்டம். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அதில் எது சிரிப்பு, எது மற்றது என்று அவன் பார்க்கவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டான்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கேட்டாள்:

“அப்ப, அவ வர்றதில்லையா தம்பி?”

 இல்லை என்று சொன்னால் அவளிடம் மிச்சமிருந்த ஒன்றையும் பிடுங்கிக்கொண்டதாக ஆகும். ஆமாம் என்று சொல்ல முடியாதபடி, இப்போது அவன் பார்த்துவிட்டிருந்தான்.

“என்ன வருதுன்னு இவளைத்தான் கேக்கணும் அண்ணி. பேச ஆரம்பிக்கட்டும், கேட்டுடலாம்” என்றான்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் வீட்டில் ஒரு புது வேடிக்கை தொடங்கியது. சிணுங்கல் கேட்டால் இருவரும் ஓடுவதென்னவோ ஓடினார்கள். ஆனால் தொட்டிலருகே வந்து குனிந்து நின்றார்கள். எல்லா அழுகையும் ஒன்றல்ல என்பது சீக்கிரமே தெரிந்தது. சில அழுகை புருவத்தோடு போய்விடும். சிலவற்றுக்கு வயிற்றில் ஒரு கை வேண்டும். ஒரு மாலை கண்கள் பளிச்சென்று திறந்திருந்தன, அவர்களையே பார்த்து அழுதன. “இது நிஜம்!” என்று அண்ணி கத்திக்கொண்டே தூக்கினாள். பசி. பாட்டிலைக் காலி செய்துவிட்டுத்தான் விட்டாள். ஒரு தரம் டிரைவர் மாடியிலிருந்து, “இன்னும் தூக்கலையா?” என்று குரல் கொடுத்தார். அண்ணி படியில் பாதி ஏறி நின்று, “உங்க குரல்தான் எங்களுக்குப் பெரிய தொந்தரவு, போய்ப் படுங்கண்ணே!” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை மெக்கானிக் வேலை முடிந்து வந்தபோது அண்ணி போனில் பேசிக்கொண்டிருந்தாள். எதிர்முனையில் அவள் புருஷன், அவனுடைய சகலை.

“ஒரு டிக்கெட் போதுங்க… ஆமா, ஒண்ணுதான்… இல்ல, நல்லாத்தான் இருக்கா. தூங்கறா. அதான் சொல்றேன், இங்க தூங்கறா. தூங்கற பிள்ளையை எதுக்குங்க இடம் மாத்தணும்?… அவர் பார்த்துப்பாரு. இப்ப பார்க்கத் தெரிஞ்சிருக்கு.”

அவன் வாசலிலேயே நின்றுவிட்டான். செருப்பைக் கழற்ற மறந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அண்ணி போனை வைத்துவிட்டுத் திரும்பி, “என்ன, உள்ள வர டிக்கெட் கேக்கறேனா?” என்றாள்.

திங்கட்கிழமை காலை அவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு காப்பகத்துக்குப் போனான். காப்பகத்து அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“தூங்கப் பழகிட்டாளா?”

“நாங்க பழகிட்டோம்க்கா” என்றான். பிறகு அவளைத் தொட்டிலருகே கூட்டிப் போய், எப்போது பார்க்கவேண்டும், எப்போது வயிற்றில் கை வைக்கவேண்டும், கண் திறந்திருந்தால் உடனே தூக்கவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். அவள் பாதிக்குமேல் கேட்கவில்லை. ஆனால் மதியம் அவன் போய்ப் பார்த்தபோது அவளும், குழந்தைகளுக்குப் பால் காய்ச்சுகிற அம்மாவும் தொட்டிலுக்குமேல் தலையோடு தலை முட்டக் குனிந்திருந்தார்கள். அவன் வந்ததைக் கவனிக்கவே இல்லை.

அண்ணி அடிக்கடி போன் செய்வாள். ஒரு விடுமுறை நாள் மதியம், அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே தொட்டிலில் சிணுங்கல் கேட்டது.

“அழுறாளா?” அண்ணியின் குரல் பதறியது. “போனைக் கிட்ட கொண்டு போங்க.”

அவன் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தொட்டிலின் சட்டத்தில் வைத்துவிட்டுக் குனிந்தான்.

“கண்ணு?”

“மூடித்தான் இருக்கு.”

“தூக்காதீங்க.”

“தூக்கல அண்ணி.”

அழுகை ஏறியது. எதிர்முனையில் அவள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. இரண்டு ஊருக்கு நடுவில் அந்த அழுகை தனியாக நின்றது. அவன் குழந்தையின் வயிற்றில் கையை வைத்தான். இமைக்குக் கீழே கண்கள் இடமிருந்து வலமாக ஓடின, நின்றன, மறுபடி ஓடின.

“இப்ப என்ன பண்றா?”

“நின்னுடுச்சு. வாயைச் சப்பறா.” கொஞ்சம் பொறுத்து, “சிரிக்கிறா அண்ணி” என்றான்.

“சிரிக்கிறாளா? யாரைப் பார்த்து?”

“தெரியல.”

“நல்லாப் பாருங்களேன்” என்றாள் அண்ணி.

அவன் இன்னும் கிட்டே குனிந்து பார்த்தான்.